சாயத்துக்கு வந்த பூச்சி, கள்ளியைத் தின்ற கதை

திண்டிவனம் என்ற பெயருக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பொருள் புளியங்காடு. 'திந்திரிணி' என்றால் வடமொழியில் புளி. திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆனது என்பார்கள். தாவரவியல்காரர்களைக் கேட்டால் புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பார்கள். ஆக, ஓர் ஊரே வெளியூர் மரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது!

அந்த ஊரைச் சுற்றிப் பாருங்கள். செம்மண் நிலமெல்லாம் மல்லாட்டை. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது வேர்க்கடலை, நிலக்கடலை. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மல்லாட்டைதான். மணிலாக் கொட்டை என்ற பெயர் வாய்க்குள் உருண்டு உருண்டு மல்லாட்டை ஆகிவிட்டது. இது தென் அமெரிக்கச் செடி. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1940-ல் வெளிவந்த ரகத்தின் பெயர் டி.எம்.வி. 2. அந்த டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான். கொஞ்சம் தள்ளி மரவள்ளி, முந்திரி, பப்பாளி, மிளகாய். எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு.

வெளியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒரு செடி எதிரி ஆகிவிடாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்லி வைக்கிறேன். ஆனால் அதே கண்டத்திலிருந்து வந்த ஒரு செடி கட்டுக்கு அடங்காமல் போனது: சப்பாத்திக்கள்ளி. அதை அடக்கப் போன கதை உலக அறிவியல் வரலாற்றில் இடம்பிடித்திருக்கிறது. ஒரு களைச்செடியை அழிக்க அதைத் தின்னும் பூச்சியைத் திட்டமிட்டுக் கொண்டுவந்து விட்டு, அதில் வெற்றியும் கண்ட முதல் இடங்களில் ஒன்று தென்னிந்தியா. இது நம்மூரில் பலருக்குத் தெரியாது.

முள்தான் மதில்

முதலில் கள்ளிக்கு இங்கே ஏன் மரியாதை இருந்தது என்று பார்ப்போம்.

சங்க காலத்திலேயே கோட்டையைச் சுற்றிக் காவற்காடு வளர்த்தவர்கள் நாம். முள்ளை மதிலாகப் பார்ப்பது புதுப் பழக்கம் கிடையாது. 18-ஆம் நூற்றாண்டிலும் அது தொடர்ந்தது. விழுப்புரத்திலிருந்து கிழக்கே போனால் வரும் புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் நகரத்தின் கோட்டைச் சுவரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நகருக்கு வெளியே சில மைல் தள்ளி, கற்றாழையும் வேறு முள்செடிகளும் அடர்ந்த ஒரு பெரிய வேலியை வளைத்து வளர்த்திருந்தார்கள். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு 'பவுண்ட் ஹெட்ஜ்' என்று பெயர். வேலியின் ஊடே ஆங்காங்கே சிறு காவல் கொத்தளங்கள். 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த அயர் கூட், அதே வருடம் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது முதலில் இந்த முள்வேலியைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நகரம் 1761 ஜனவரியில்தான் விழுந்தது.

பீரங்கி வைத்திருந்தவர்களுக்கே முள்வேலி தேவைப்பட்டது என்றால், கொல்லைக்காரருக்குச் சொல்லவா வேண்டும்? ஆடு மாடு நுழையாது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒரு மடலை ஒடித்து மண்ணில் போட்டால் போதும், வேர் விட்டுவிடும். அமெரிக்காவிலிருந்து கப்பல் வழியாக உலகம் சுற்றிய சப்பாத்திக்கள்ளிக்கு இதைவிட நல்ல வரவேற்பு எங்கே கிடைக்கும்?

ஆனால் ஒடித்துப் போட்டால் வேர் விடும் என்ற அதே குணம்தான் பின்னால் தலைவலி ஆனது. வெட்டினால் சாகாது. வெட்டிய துண்டுகள் ஒவ்வொன்றும் புதுச்செடி. பழத்தைத் தின்ற பறவை விதையைக் கொண்டுபோய் அடுத்த ஊரில் போடும். வேலியாக வைத்தது காடாகப் பரவி, மேய்ச்சல் நிலத்தையும் தரிசையும் ஊர்ப் பொறம்போக்கையும் பிடித்துக்கொண்டது. பாம்புக்கு வீடு, ஊருக்குக் குப்பைமேடு என்று ஆங்கிலேய அதிகாரிகள் புலம்பினார்கள். கூலி கொடுத்து வெட்டி எரித்தார்கள். அடுத்த மழைக்குக் கள்ளி மறுபடியும் முளைத்தது.

சிவப்புக்கு ஆசைப்பட்ட மருத்துவர்

இந்த இடத்தில் கதைக்குள் ஒரு பூச்சி வருகிறது. கள்ளியை அழிக்க வந்த பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். அது வந்தது சாயத்துக்காக.

மெக்சிகோவில் கள்ளியின் மேல் வளரும் கொச்சினீல் என்ற பூச்சியைக் காயவைத்து அரைத்தால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். மாவுப்பூச்சிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். உடம்பு முழுக்க வெள்ளைப் பஞ்சு. விரலால் நசுக்கினால் ரத்தம் மாதிரி சிவப்பு. ஐரோப்பாவில் பிரபுக்களின் அங்கி முதல் படைவீரர்களின் உடுப்பு வரை இந்தச் சிவப்புக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஆனால் வியாபாரம் முழுவதும் ஸ்பெயின் கையில். உயிருள்ள பூச்சி வெளியே போகாமல் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதில் பங்கு வேண்டும். மெட்ராஸில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனுக்கு இது ஒரு வெறியாகவே ஆனது. 1786-ல் மெட்ராஸ் பக்கம் புல்லில் ஒரு பூச்சியைப் பார்த்துவிட்டு, இதுவும் கொச்சினீல் வகைதான் என்று லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். பேங்க்ஸ் அக்காலத்து அறிவியல் உலகின் பெரிய கை. புல்லில் இருந்த பூச்சி உதவாது என்று ஆனது. உண்மையான பூச்சி வந்து சேரும்போது சாப்பாடு தயாராக இருக்கட்டுமே என்று சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார்கள். கள்ளிக்கு மெக்சிகோக்காரர்கள் சொல்லும் பெயர் நோபால். அதனால் அந்தத் தோட்டத்துக்கு 'நோபால்ரி' என்று பெயர். இன்று சைதாப்பேட்டையில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு, அங்கே ஒரு காலத்தில் பூச்சிக்காகக் கள்ளி வளர்த்தார்கள் என்றால் சிரிப்பு வரும்.

1795-ல் பூச்சி வந்தது. நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கள்ளி மடல்களோடு பூச்சிகளையும் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். பூச்சி பிழைத்தது, பெருகியது. மெட்ராஸுக்கும் போனது. எல்லோருக்கும் கொண்டாட்டம்.

ஆனால் வந்தது வேறு பூச்சி! மெக்சிகோவின் சாயப்பூச்சி டாக்டிலோபியஸ் காக்கஸ். பிரேசிலிலிருந்து வந்ததோ அதன் காட்டுச் சொந்தம். உருவத்தில் சின்னது, பஞ்சு அதிகம், சாயம் மட்டம். சந்தையில் அது எடுபடவில்லை. சிவப்புக் கனவு மெல்ல மெல்லக் கலைந்தது. ஆண்டர்சன் 1809-ல் இறந்துபோனார்.

அந்தப் பூச்சிக்கு இன்று அறிவியல் பெயர் டாக்டிலோபியஸ் சிலோனிகஸ். தென் அமெரிக்காவில் பிறந்து, இந்தியாவில் வாழ்ந்து, இலங்கையில் வைத்து 1896-ல் விவரிக்கப்பட்டதால் சிலோன் பெயரை வாங்கிக்கொண்டது. பெயரிலேயே பயணக் கதை இருக்கிறது.

சாயத்துக்கு ஆகாதது கள்ளிக்கு ஆனது

சாயத்துக்கு உதவாத இந்தப் பூச்சிக்கு ஒரு குணம் இருந்தது. அது உட்கார்ந்த கள்ளி பிழைப்பதில்லை.

பெண் பூச்சி மடலில் வாயைக் குத்தி உட்கார்ந்தால் பிறகு நகராது. வாழ்நாள் முழுக்க அதே இடத்தில் சாறு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குஞ்சுகள் காற்றில் பறந்து அடுத்த செடிக்குப் போகும். ஆயிரக்கணக்கில் கூடினால் மடல் வெளுத்து, சுருங்கி, அழுகி விழும். வெட்டரிவாளால் முடியாததைக் கடுகளவுப் பூச்சி முடித்தது. வட இந்தியாவில் கள்ளி காணாமல் போவதை ஆட்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அப்போது யாருக்கோ யோசனை வந்தது: சாயம் கிடக்கட்டும், இதைக் கள்ளியின் மேலேயே ஏவிவிட்டால் என்ன? 1836-க்கும் 1838-க்கும் இடையில் அந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவில் கள்ளியை ஒழிக்கவென்றே கொண்டுவந்து விட்டார்கள். விட்ட இடத்தில் கள்ளி சரிந்தது. 1860களில் இங்கிருந்து இலங்கைக்கு எடுத்துப் போனார்கள். அங்கேயும் அதே கதை. களையைத் தின்னும் ஒரு பூச்சியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அந்த வேலைக்காகவே அனுப்பியதற்கு இதைத்தான் முதல் உதாரணமாகச் சொல்கிறார்கள்.

இன்று உயிரியல் கட்டுப்பாடு பற்றிய எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களில் இந்தக் கதை ஒரு வரியில் வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு சாயத் தோட்டமும் ஒரு தப்பான பூச்சியும் இருக்கின்றன.

இரண்டாவது கள்ளி

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். முடியவில்லை.

நாம் பொத்தாம் பொதுவாகச் சப்பாத்திக்கள்ளி என்று சொல்வது ஒரே செடி கிடையாது. சிலோனிகஸ் தின்று தீர்த்தது ஒபன்ஷியா மோனகாந்தா என்ற இனத்தை. தென்னாட்டில் ஒபன்ஷியா டில்லினி என்ற இன்னோர் இனமும் இருந்தது. மஞ்சள் பூவும் ஊதாச் சிவப்புப் பழமுமாக இன்றும் கடற்கரை மணலிலும் வறண்ட தரிசிலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். இதன் மேல் சிலோனிகஸை விட்டால் அது சீந்தவே சீந்தாது. பக்கத்திலேயே மோனகாந்தா செத்துக் கிடக்கும். டில்லினி தளதளவென்று நிற்கும். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் அது இன்னும் வசதியாகப் பரவியது.

மனிதர் கண்ணுக்கு இரண்டும் கள்ளி. பூச்சிக்கு ஒன்று சோறு, இன்னொன்று கல்.

விடை கிடைக்க ஏறக்குறைய 90 வருடம் ஆனது. டில்லினியைத் தின்ன வேறொரு கொச்சினீல் வேண்டும்: டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே. அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கிருந்து 1924-ல் இலங்கைக்கு வந்து, 1926-ல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்தது. முன்பு நாம் இலங்கைக்கு ஒரு பூச்சி கொடுத்தோம். இப்போது இலங்கை நமக்கு ஒன்று கொடுத்தது, கணக்குச் சரி. சில வருடங்களுக்குள் மெட்ராஸ் மாகாணத்தில் பெரும் பரப்பில் கள்ளிக்காடு அழிந்தது. கோயம்புத்தூரில் அரசுப் பூச்சியியல் அறிஞராக இருந்த டி.வி. ராமகிருஷ்ண அய்யர் இந்தப் பூச்சிகளின் பொருளாதார முக்கியத்துவம் பற்றி 1931-ல் கட்டுரை எழுதினார்.

ஆஸ்திரேலியாவில் இதைவிடப் பெரிய போர் நடந்தது. அங்கே 1920களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேர் நிலம் கள்ளிக்குள் மூழ்கிக் கிடந்தது. அதற்கு முன்பே, 1912-14-ல், குயின்ஸ்லாந்து அரசு இரண்டு நிபுணர்களைக் கள்ளியின் எதிரிகளைத் தேடி உலகம் சுற்ற அனுப்பியது. அவர்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார்கள். சிலோனிகஸ் பூச்சி அங்கே போய் மோனகாந்தாவை முடித்தது. மீதிக் கள்ளியை முடித்தது அர்ஜென்டினாவிலிருந்து 1925-ல் சுமார் 3,000 முட்டைகளாகக் கொண்டுவந்த காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சி. நன்றி மறக்காத குடியானவர்கள் பூனார்கா என்ற ஊரில் 1936-ல் அதன் பெயரில் ஒரு நினைவு மண்டபமே கட்டினார்கள். பூச்சிக்கு மண்டபம்!

எதிரி என்றால் எப்படிப்பட்ட எதிரி?

எதிரிக்கு எதிரியைக் கூட்டிவா, வேலை முடிந்தது என்று இதை எளிதாகச் சுருக்கிவிடலாம். பலர் அப்படித்தான் சுருக்கினார்கள். அதனால் பட்டார்கள்.

1872-ல் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் எலித் தொல்லை. எஸ்பியூட் என்ற தோட்ட முதலாளி இந்தியாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்தார். கீரி எலியைத் தின்றது, உண்மைதான். கூடவே தரையில் கூடு கட்டும் பறவைகளையும் ஓணான், பல்லிகளையும் தின்றது. 1883-ல் ஜமைக்காவிலிருந்து ஹவாய்க்கும் கொண்டு போனார்கள். எலியும் ஒழியவில்லை, கீரியே ஒரு தொல்லையாகிவிட்டது.

கொச்சினீலுக்கும் கீரிக்கும் என்ன வித்தியாசம்? கொச்சினீல் ஒரு சோற்றுப் பூச்சி. கள்ளி இல்லாவிட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிர, பக்கத்திலிருக்கும் மல்லாட்டையைத் தொடாது. கள்ளியிலும் தன் இனக் கள்ளிதான் வேண்டும். 90 வருடம் நம்மைக் காக்க வைத்த அந்தப் பிடிவாதம்தான் அதை நம்பத் தகுந்ததாக்கியது. கீரிக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. கிடைத்ததைத் தின்னும்.

இதே கேள்வி இன்று கடலில் எழுந்திருக்கிறது. சிங்கமீன் தெரியுமா? வரிவரியான உடம்பு, விசிறி மாதிரித் துடுப்பு, 18 விஷமுள். இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும் அதன் சொந்தக் கடல்கள். நம் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளிலும் சிங்கமீன் இனங்கள் உண்டு. இங்கே அதனால் ஒரு பிரச்சினையும் இல்லை. 1985-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடலில் ஒன்று தென்பட்டது. மீன்தொட்டியில் வளர்த்தவர்கள் விட்டதாக இருக்கலாம் என்கிறார்கள். இன்று கரீபியன் கடல் முழுக்க அது பரவி, பவளப்பாறைகளின் குட்டி மீன்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

அதன் எதிரி யார் என்று தேடினார்கள். செங்கடலில் நீண்ட குழல் வாய்கொண்ட ஒரு மீனின் வயிற்றில் சிங்கமீன் இருந்ததை 1991-ல் பதிவு செய்தார்கள். 2008-ல் பஹாமாஸில் பிடித்த களவா மீன்களின் வயிற்றிலும் கண்டார்கள். ஹோண்டுராஸ் பக்கம் முக்குளிப்பவர்கள் குத்திய சிங்கமீனைச் சுறாவுக்கு ஊட்டி, பழக்கிப் பார்த்தார்கள். அப்படியென்றால் நம் கடலிலிருந்து அதைத் தின்னும் மீனைக் கொண்டுபோய் விட்டால் ஆகாதா? ஆகாது. களவாவும் சுறாவும் கீரி ஜாதி. கிடைத்ததைத் தின்னும். சிங்கமீனை மட்டுமே தின்று வாழும் மீன் என்று ஒன்று அறியப்படவில்லை. அதனால் அங்கே இருக்கும் களவாவைப் பிடிக்காமல் காப்பாற்றுவதும், சிங்கமீனை மனிதரே பிடித்துச் சமைத்துத் தின்பதும்தான் இன்றைய வழி. முள்ளை நீக்கிவிட்டால் கறியில் விஷம் கிடையாது.

அதே ஃப்ளோரிடாவுக்குக் கள்ளிக் கதையும் வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியாவில் மண்டபம் வாங்கிய காக்டோபிளாஸ்டிஸை 1957-ல் கரீபியனின் நெவிஸ் தீவில் விட்டார்கள். 1989-ல் அது ஃப்ளோரிடாவில் இருந்தது. அமெரிக்கா கள்ளியின் பிறந்த வீடு. அங்கே கள்ளி களை கிடையாது. மெக்சிகோவில் நோபால் அன்றாடக் காய்கறி, நாட்டின் கொடியிலேயே இருக்கும் செடி. ஆஸ்திரேலியாவின் காவலன் அங்கே கொள்ளைக்காரன். பூச்சி மாறவில்லை, அதே பூச்சிதான். இடம்தான் மாறியது.

யாருக்கு எதிரி?

எனக்கு இந்தக் கதையில் ரொம்ப நாளாக உறுத்துவது மடகாஸ்கர் பகுதி.

அந்தத் தீவின் வறண்ட தெற்கில் ஆன்டன்ட்ராய் என்ற மாடு மேய்க்கும் மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊரைச் சுற்றியும் கள்ளிதான் வேலி. பிரெஞ்சுப் படை வந்தபோது அவர்களைக் காத்த மதில் அது. கோடையில் முள்ளை வாட்டி மாட்டுக்குப் போட்டால் அதுவே தீவனம், அதுவே தண்ணீர். பழம் மனிதருக்கு. 1924 வாக்கில் பிரெஞ்சு ஆட்சியில் கொச்சினீல் பூச்சி மடகாஸ்கருக்குள் விடப்பட்டது. சில வருடங்களில் தெற்கின் கள்ளி முழுவதும் அழுகி விழுந்தது. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பஞ்சம் வந்தது, மக்கள் ஊரைவிட்டுப் பிழைப்புத் தேடிப் போனார்கள். திமிர் பிடித்த மக்களைப் பணியவைக்க ஆட்சியாளர்கள் வேண்டுமென்றே செய்ததா, அல்லது பின்விளைவை யோசிக்காத வேலையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

அறிவியல் கணக்கில் அதுவும் வெற்றிதான். பூச்சி சொன்ன வேலையைச் செய்தது. யார் சொன்ன வேலை என்பதுதான் கேள்வி.

நம்மூருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். வேலிக்குக் கல் வாங்கக் காசில்லாதவருக்குச் சப்பாத்திக்கள்ளி சும்மா கிடைத்த சுவர். பஞ்ச காலத்தில் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குக் கொடுக்கலாமா என்று பிரிட்டிஷ் இந்திய அரசே ஒரு பக்கம் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் ஒழிக்கச் செலவழித்துக்கொண்டிருந்தது. மடகாஸ்கர் அளவுக்குக் கள்ளியை மட்டுமே நம்பிய வாழ்க்கை இங்கே இல்லாததால் பேரழிவு வரவில்லை. ஆனால் களை என்று எழுதியவரும், வேலி என்று வைத்தவரும் ஒரே ஆள் இல்லை. எழுதியவர் சொன்னது ஆவணத்தில் இருக்கிறது. வைத்தவர் சொன்னது இல்லை.

இன்றைக்கு

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளை பூத்து நாசமாயின. மருந்தடித்து ஓய்ந்துபோனார்கள். பெங்களூரின் தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனம் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று முடிக்கும். அடுத்த வருடமே நிலைமை மாறியது.

2020-ல் மரவள்ளிக்கென்றே தனியான மாவுப்பூச்சி கேரளாவில் கண்டுபிடிக்கப்பட்டு, தமிழ்நாட்டுக்கும் வந்தது. சேலம், நாமக்கல் போலவே பழைய விழுப்புரம் மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கமும் மரவள்ளியை நம்பியிருப்பவர்கள் ஏராளம். அதற்கும் ஒரு குளவி இருந்தது: அனாகைரஸ் லோபஸி. 1980களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியது. அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் 1995-ல் உலக உணவுப் பரிசு வாங்கினார். ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து 2021-ல் இந்தியாவுக்கு வந்து, சோதனைகள் முடிந்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியில் விடப்பட்டது. இந்த இரண்டிலும் எதிரி யார் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. மாவுப்பூச்சியை யாரும் வேலிக்கு வைப்பதில்லை.

சண்டை வரப்போவது சீமைக் கருவேலத்தில். 1870களில் மெட்ராஸ் மாகாண வனத்துறை விதை வரவழைத்த மரம். கள்ளி விட்டுப்போன வேலை எல்லாவற்றையும் இது எடுத்துக்கொண்டது: வேலி, விறகு, தரிசை மூடுவது. நீதிமன்றம் வரை போய் ஒழிக்கச் சொன்னார்கள். கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் கையைப் பிசைந்தார்கள். இதற்கும் ஒரு பூச்சி கொண்டுவந்தால் என்ன என்று அடிக்கடி கேட்கிறார்கள்.

தென் ஆப்பிரிக்காவிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே இந்த மரக் குடும்பத்தின் நிழலும் நெற்றும் பண்ணைக்காரர்களுக்கு வேண்டும்; பரவுவது மட்டும் வேண்டாம். அதனால் 1980களின் கடைசியில் அவர்கள் தேடிப் பிடித்தது மரத்தைக் கொல்லாமல் விதையை மட்டும் தின்னும் ஒரு வண்டை. இருக்கும் மரம் இருக்கட்டும், புதுசு முளைக்க வேண்டாம். பரவல் நின்றுவிடவில்லை, அந்த வண்டு பெரிய வீரன் இல்லை. ஆனால் எந்தப் பூச்சி நன்றாகக் கொல்லும் என்று கேட்பதற்கு முன்பாக, இந்த மரம் யாருக்கு என்னவாக இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள்.

1836-ல் கள்ளியின் மேல் பூச்சியை விட்டவர்கள் அதைக் கேட்கவில்லை. அதிர்ஷ்டம் நம் பக்கம் இருந்தது. அந்துப்பூச்சியையோ குளவியையோ விட்ட பிறகு திரும்பக் கூப்பிட முடியாது. கருவேலத்துக்கு ஒரு எதிரியைத் தேடிப் புறப்படுகிறவர்கள், கப்பல் ஏறுவதற்கு முன் திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் ஒரு நாள் நடந்து, அந்த மரத்தை வெட்டுகிறவரையும் அதன் நிழலில் ஆட்டைக் கட்டியிருக்கிறவரையும் விசாரித்துவிட்டுப் போகட்டும்.